ரீச்சரிட்டைக் கேளுங்கோ: ஏசினாலும் செபம்தான்

மற்ற மாதங்களில் எனக்கு வரும் கடிதங்கள் வேறு மாதிரி. ஞானத்தாயாக யாரை வைக்கலாம், பிள்ளைக்கு என்ன புனிதரின் பெயர் நல்லது, கல்லறைத் திருநாளுக்கு என்ன செபம் சொல்லுவது என்று கேட்பார்கள். விபூதிப் புதன் வந்து தவக்காலம் தொடங்கினால் போதும், எல்லாரும் துன்பத்தைப் பற்றிக் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். இந்த முறை வந்த 11 கடிதங்களில் 7 அதுதான். அரிவு வெட்டு நேரம். முற்றத்தில் நெல் காயப்போட்டுவிட்டு, கோழி கலைத்துக்கொண்டே எழுதுகிறேன். இடையில் எழும்பிப் போன இடங்கள் உங்களுக்கே தெரியும்.

"ரீச்சர், நான் முழங்காவில் பக்கம். என் மனுசன் மோசம்போய் (இறந்து) 3 வருடம். இரண்டு பெண்பிள்ளைகள். மிளகாய்த்தூள் அடித்துக் கடைக்குக் கொடுத்துச் சீவிக்கிறேன். போன கிழமைப் பிரசங்கத்தில், கஷ்டம் வர வர விசுவாசம் கூடும், தங்கம் நெருப்பில்தான் மினுங்கும் என்றார்கள். எனக்குக் கூடவில்லை, குறைந்துதான் போய்விட்டது. செபிக்க உட்கார்ந்தால் நித்திரை வருகிறது, இல்லாவிட்டால் அழுகை வருகிறது. நான் கெட்ட கிறிஸ்தவளா?"

இல்லை, பிள்ளை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மிச்சம் பிறகு.

நித்திரை வந்தால் படுங்கள். எலியா இறைவாக்கினரும் அதைத்தான் செய்தார். அரசர் முதல் நூல் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். ஈசபேலுக்குப் பயந்து பாலைநிலத்துக்குள் ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே குந்தி, போதும் ஆண்டவரே, என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டுவிட்டுப் படுத்துவிட்டார். வானதூதர் வந்து, உன் விசுவாசம் எங்கே போனது என்று விசாரித்தாரா? தட்டி எழுப்பி, எழும்பிச் சாப்பிடு என்றார். தணலில் சுட்ட அப்பமும் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. மனிதர் சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் படுத்துவிட்டார்! தூதர் இரண்டாம் முறை வந்தும் சாப்பாடுதான் கொடுத்தார். நான் மறைக்கல்வி படிப்பித்த காலத்தில் கர்மேல் மலையில் நெருப்பு இறங்கின கதையைக் கைகால் ஆட்டிச் சொல்லுவேன், இந்தச் சூரைச்செடியை இரண்டு வசனத்தில் தாண்டிவிடுவேன். இப்போது படிப்பித்தால் மறுவளமாகத்தான் படிப்பிப்பேன்.

தங்கத்தைப் பற்றி எனக்குப் பெரிதாகத் தெரியாது. பேதுருவின் முதல் திருமுகத்தில் உள்ள உவமை அது, பிழை சொல்ல நான் ஆள் இல்லை. என்னிடம் இருந்த தங்கம் 2009 மாசியில், வன்னியின் கடைசிச் சண்டைக்குள், அரிசிக்கும் பால்மாவுக்கும் போய்விட்டது. நெல்லைப் பற்றித்தான் தெரியும். ஒருமுறை எங்கள் கோயிலுக்குத் தவக்காலத் தியானம் கொடுக்க வெளியில் இருந்து வந்த ஒருவர் சொன்னார்: வயலில் தண்ணீரை மறித்தால் பயிர் தண்ணீர் தேடி வேரை ஆழமாக விடும், ஆண்டவரும் அப்படித்தான் எங்களுக்குச் சில வேளைகளில் மறிக்கிறார் என்று. எனக்குப் பின்வாங்கில் இருந்த கிழவர், இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் ஆயுள் முழுக்க வயல் செய்தவர், மெதுவாகக் கேட்டார்: "எத்தினை நாளைக்கு மறிப்பாராம்?"

சிரித்துவிட்டேன். ஆனால் சரியான கேள்வி. பயிர் சின்னதாக இருக்கும்போது சில நாள் தண்ணீரை வடியவிட்டால் வேர் இறங்கும்தான். கதிர் வெளியில் வர முந்தின குடலைப் பருவத்தில் மறித்துப் பாருங்கள், கதிர் முழுக்கச் சப்பிதான், பதர்தான் மிஞ்சும். அதனால் துன்பம் மனிதரை ஆழப்படுத்தும் என்று பொதுவாகச் சொல்ல எனக்கு வாய் வராது. முகாமில் ஒரே கூடாரத்தில் இருந்தவர்களில் ஒருவரை ஆழப்படுத்தி, மற்றவரை எரித்துவிட்டதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு நடந்ததை மட்டும் எழுதுகிறேன். உங்களுக்குப் பொருந்தினால் எடுங்கள்.

முந்தி என்னுடைய விசுவாசம் ஒரு வங்கிப் புத்தகம். வெள்ளிக்கிழமை ஒருசந்தி, முதல் வெள்ளிப் பூசை, ஆவணியில் மடு மாதா திருவிழா. இவ்வளவும் வரவு வைத்திருக்கிறேன், அவர் என் வீட்டையும் மனுசனையும் பார்த்துக்கொள்ளுவார் என்று இருந்தேன். ஒருவரும் அப்படிப் படிப்பிக்கவில்லை, நானே போட்ட கணக்கு. 1996 சண்டையில் கிளிநொச்சியை விட்டு ஓடினபோது வீடு போனது, ஆக்கள் தப்பினோம், கணக்குச் சரி. 2004 சுனாமியில் முல்லைத்தீவில் என் சொந்தத்துக்குள் நாலு பேர் போனார்கள். செத்தவீட்டில் இருந்து அழுதுகொண்டே, உள்ளுக்குள் 'நாங்கள் தப்பினோம்' என்று வரவு எழுதினேன். வெட்கமான கதை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு 2009. சண்டைக்குள் இடம்பெயர்ந்து ஓடின இடங்கள்: தருமபுரம், விசுவமடு, சுதந்திரபுரம், தேவிபுரம், மாத்தளன், வலைஞர்மடம். ஒவ்வொரு இடத்திலும் இறங்கினவுடன் பங்கர் வெட்டு, சுற்றவர மண்மூடை அடுக்கு. உரப்பை முடிந்த பிறகு எல்லாரும் சீலைகளை வெட்டி மூடை தைத்தோம். என்னுடைய கலியாணக் கூறை அரக்கு நிறம், நல்ல பாரம். அதில் ஆறு மூடை வந்தது. கரையை மட்டும் வெட்ட மனமில்லாமல் சுருட்டி வைத்திருந்தேன். செபமாலை சுதந்திரபுரத்தில் எங்கோ விழுந்துவிட்டதால், அந்தக் கரையில் நூல் உருவி, முறுக்கி, முடிச்சுப் போட்டு ஒன்று செய்தேன். அருள்நிறை மந்திரத்துக்கு 53 சின்ன முடிச்சு, பரலோக மந்திரத்துக்கு 6 பெரிய முடிச்சு. இருட்டில் விரலுக்குத் தெரியவேண்டும் என்று பெரியதை இரண்டு சுற்றுச் சுற்றினேன்.

சித்திரையில் ஒருநாள் காலமை என் மனுசன் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு கஞ்சி வரிசைக்குப் போனார். நான் பங்கருக்குள் செபமாலையின் மூன்றாவது காரணிக்கம், மூன்றாவது பத்து, சொல்லிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. சத்தம் எப்போதும் கேட்கிறதுதானே. கொஞ்ச நேரத்தில் ஒரு பெடியன் சட்டியைக் கொண்டுவந்து தந்தான். மூடி கூட நெளியவில்லை.

மூன்றாவது காரணிக்கத்தில் நிறுத்தின செபமாலையை நாலு மாதம் தொடவில்லை. கோபம் என்று கூடச் சொல்லமுடியாது. கோபிக்க எதிரில் ஆள் இருக்கவேண்டுமே. எனக்கு அந்தப் பக்கம் ஒருவரும் இல்லை என்ற மாதிரி இருந்தது.

பிறகு செட்டிகுளம் மெனிக் பாம் அகதி முகாமில், இராமநாதன் வலயத்தில், ஒரு தறப்பாள் கூடாரத்துக்குள் மூன்று குடும்பம். எனக்குப் பக்கத்துப் பாய் வற்றாப்பளை அம்மா ஒருத்தி. இரண்டு ஆம்பிளைப் பிள்ளைகளை இழந்தவ. விடியப்புறம் தண்ணீர் வரிசைக்குப் போகமுன்னம் நெற்றி நிறையத் திருநீறு பூசி, கண்ணகை அம்மனோடு அரை மணித்தியாலம் கதைப்பா. கும்பிடுவது என்று சொல்லமுடியாது, பக்கத்து வீட்டு ஆளோடு வேலியில் நின்று கதைக்கிற மாதிரி. நான் சும்மா பார்த்துக்கொண்டிருப்பேன். ஒருநாள் திரும்பிச் சொன்னா:

"அக்கா, நீங்கள் உங்கட மாதாவோட கதைக்காட்டிப் பறவாயில்லை. ரெண்டு வீட்டுக்கும் சேத்து நான் கதைக்கிறன்."

"உங்கட அம்மன் எங்கட வீட்டுக் கதையைக் கேப்பாவோ?"

"எங்கட ஊர்க் கோயில்ல கடல்தண்ணியில விளக்கெரிக்கிறவ, அக்கா. இதைக் கேக்க மாட்டாவோ?"

நான் வேதம் படித்த ரீச்சர். அதற்கு ஞானோபதேச புத்தகத்தில் பதில் தேடவேண்டும் என்று கூடத் தோன்றவில்லை. எனக்காக ஒரு ஆள் கதைத்துக்கொண்டிருக்கிறது என்பது மட்டும் மனதில் நின்றது.

ஆவணி நடுவில், சரியாக மடுத் திருவிழா நாட்களில், பெரிய மழை. முகாமில் வாய்க்கால் ஒழுங்கில்லை. கூடாரத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர், கக்கூசுத் தண்ணீரும் கலந்துதான். இரவு முழுக்கக் கம்பைப் பிடித்துக்கொண்டு நின்றோம். என் பாய் மிதந்து போகத் தொடங்கினது. அந்தப் பாயைப் பார்த்ததும் எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியாது, கத்தினேன்: "எல்லாத்தையும் எடுத்தாச்சு! இனி இந்தப் பாயையும் நனைக்க வேணுமோ? உமக்கு வேற வேலையில்லையோ? மனுசனைத் தந்தனான், கூறையைத் தந்தனான், இந்தப் பிஞ்ச பாய் உமக்கு எதுக்கு?" இன்னும் கன சொன்னேன், பத்திரிகையில் எழுத ஏலாது.

நான் மூச்சு வாங்கும்போது இருட்டுக்குள் இருந்து வற்றாப்பளை அம்மாவின் குரல்: "அக்கா கதைச்சிட்டா."

அதற்குப் பிறகு திருப்பாடல்களை வேறு கண்ணால் வாசித்தேன். 88ஆம் பாடலை எடுத்துப் பாருங்கள். தொடக்கம் முதல் முறைப்பாடுதான். மற்ற முறைப்பாட்டுப் பாடல்களில் பெரும்பாலும் கடைசியில் எங்காவது ஒரு நன்றி வரும், இதில் அதுவும் இல்லை, இருட்டோடு முடிகிறது. அதையும் திருநூலுக்குள் வைத்திருக்கிறார்கள். இயேசு சிலுவையில், 'என் இறைவா, என் இறைவா, ஏன் என்னைக் கைவிட்டீர்' என்றது 22ஆம் பாடலின் முதல் அடி. கைவிட்டுவிட்டார் என்று சீடரிடம் முறையிடவில்லை, கைவிட்டவரிடமே கேட்டார். என் நாலு மாத மௌனத்தைவிட அந்தப் பாய்ச் சண்டை அவருக்குக் கிட்டவாக இருந்தது என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன்.

துன்பம் மன உறுதியைத் தரும், அது எதிர்நோக்கில் கொண்டுபோய் விடும் என்று பவுல் உரோமையருக்கு எழுதினதைப் பிரசங்கத்தில் அடிக்கடி கேட்டிருப்பீர்கள். அதே பவுல் கொரிந்தியருக்கு எழுதின இரண்டாம் திருமுகத்தின் முதல் அதிகாரத்தை ஏனோ குறைவாக எடுக்கிறார்கள். ஆசியாவில் பட்ட துன்பம் தாங்கமுடியாமல் உயிர் வாழும் நம்பிக்கையே அற்றுப்போனோம் என்று எழுதுகிறார். ஐந்து முறை சவுக்கடியும் மூன்று முறை கப்பற்சேதமும் கண்ட மனிதர். எங்கள்மீதே நாங்கள் நம்பிக்கை வைக்காமல், இறந்தோரை எழுப்பும் கடவுள்மேல் வைக்கத்தான் அப்படி நடந்தது என்று பிறகுதான் சொல்லுகிறார். நம்பிக்கை அற்றுப்போன இடத்தை ஒளிக்காமல் எழுதிவிட்டுச் சொல்லுகிறபடியால் அவர் சொன்னால் நான் கேட்பேன்.

என் புத்தகம் கிழிந்தது. ஆண்டவர் இனி என்ன செய்வார் என்று நம்புகிறாய் என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வீட்டைக் காப்பாரா, தெரியாது. ஆரை நம்புகிறாய் என்று கேட்டால் இருக்கிறது. முந்தி மறுவளமாக இருந்தது.

உங்களுக்கு, பிள்ளை: அழுகை வந்தால் அதோடேயே இருந்துவிட்டு எழும்புங்கள். பிள்ளைகளைச் சொல்லவிட்டுக் கேட்டுக்கொண்டிருங்கள். அதுவும் ஏலாத நாளில் அயலில் ஒருவரைச் சொல்லச் சொல்லுங்கள், எங்கட வேதக்காரராக, கிறிஸ்தவராக இருக்கவேண்டும் என்றும் இல்லை. 3 வருடமாக இப்படியே என்றால் ஆஸ்பத்திரியில் மனநலக் கிளினிக்குக்கும் ஒருக்கால் போய்வாருங்கள். 2011இல் நானும் போனேன், ஆறு மாதம் குளிசை போட்டேன். விசுவாசம் குறைந்தவர்கள் போகிற இடம் என்று ஆராவது சொன்னால் என் பெயரைச் சொல்லுங்கள். அதோடு, அந்தக் கடைக்காரர் தூளுக்குக் காசை நேரத்துக்குத் தருகிறாரா என்று எழுதுங்கள்.

"எங்கள் ஊரில் நடந்த செபக்கூட்டத்தில் ஒருவர், வன்னிச் சனம் பட்டதெல்லாம் சனத்தின் பாவத்துக்குக் கிடைத்த தண்டனை என்றார். பலர் ஆமென் சொன்னார்கள். எனக்கு அடிவயிறு எரிந்தது. நான் எரிந்தது பிழையா?" (இளைஞர், ஒட்டுசுட்டான்)

பிழையில்லை, தம்பி. இதே கேள்வியை இயேசுவிடமே கொண்டுபோனார்கள். லூக்கா 13. சீலோவாமில் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தார்கள். அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடக் குற்றவாளிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டு, அப்படி அல்ல என்று தானே பதிலும் சொல்லிவிட்டார். மனம் மாறுங்கள் என்று அடுத்துச் சொன்னது உண்மைதான். ஆனால் அதைச் சொன்னது உயிரோடு நின்று கேட்டவர்களுக்கு, செத்தவர்களுக்கு அல்ல. பிறவிக் குருடனைப் பார்த்து, இவன் செய்த பாவமா பெற்றோர் செய்த பாவமா என்று சீடர் கேட்டபோதும் இரண்டும் இல்லை என்றார்.

அந்தப் பேச்சாளர் திரும்பி வந்தால் முல்லைத்தீவுக் கடற்கரைக்குக் கூட்டிப்போங்கள். 2004 மார்கழி 26, ஞாயிற்றுக்கிழமை, பாலன் பிறப்புக்கு அடுத்த நாள். முதல்நாள் உடுத்த புதுச்சட்டையோடு போன பிள்ளைகள் எத்தனை! அந்த மணலில் நின்று, அந்தப் பிள்ளைகளின் பாவம் என்னவென்று சொல்லச் சொல்லுங்கள். கடல் செய்தது ஒன்று. மனிதர் செய்ததையும் ஆண்டவரின் கணக்கில் எழுதிவிட்டால் செய்தவர்களுக்கு நல்ல வசதி, அதையும் யோசியுங்கள்.

ஆமென் சொன்னவர்களோடு சண்டைக்குப் போகவேண்டாம். காரணம் இல்லாமல் நடந்தது என்பதைவிட, தண்டனை என்றாலாவது ஒரு காரணம் கிடைக்கிறதே என்று பிடித்துக்கொள்ளுகிறார்கள். நானும் கொஞ்ச நாள் பிடித்திருந்தேன்.

"மகனுக்கு வேலை கிடைக்கவேண்டும் என்று 3 வருடம் மடுவுக்கு நடந்து போனேன். கிடைக்கவில்லை. மாதா என் குரலைக் கேட்கிறாவா?" (ஆடம்பன் வாசகி)

அவவும் நடந்தவதான், அம்மா. ஒல்லாந்தர் கத்தோலிக்கரை வதைத்த காலத்தில், 1670இல், மாந்தையில் இருந்து 20 குடும்பங்கள் மாதாவின் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடினதில்தான் மருதமடு தொடங்குகிறது என்பது எங்கள் வழிவழிக் கதை. 2008 சித்திரையில் சண்டை கோயிலடிக்கு வந்தபோது திரும்பவும் சுருவத்தைத் தூக்கிக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள், ஆவணியில்தான் மடுவுக்கு வந்தா. மடு மாதா எங்களை இடம்பெயராமல் காத்தா என்று நான் சொல்லமாட்டேன். எங்களோடு இடம்பெயர்ந்தா. கேட்கிறாவா என்றால், அதே தறப்பாளுக்குக் கீழே இருந்தவவுக்குக் கேட்காமல் போகுமா?

2015 தை (சனவரி) 14இல் பாப்பரசர் பிரான்சிஸ் மடுவுக்கு வந்தார். அன்று காலைதான் கொழும்பில் யோசேப் வாஸ் அடிகளைப் புனிதராக்கினார். 1687இல் கூலியாள் வேடத்தில் இந்தத் தீவுக்கு வந்து, கண்டியில் ஒற்றன் என்று மறியலில் கிடந்தவர் அவர். நாங்கள் விடியப்புறமே போய் வெயிலில் காத்திருந்தோம். பாப்பரசர் ஹெலியில் வந்தார். ஹெலிச் சத்தம் கேட்டதும் எனக்கு முழங்கால் தானாக மடிந்தது, குப்புறப் படுக்க. பக்கத்தில் நின்ற இரண்டு மூன்று பேருக்கும் அப்படித்தான். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டு கைதட்டினோம். ஹெலிச் சத்தத்துக்கு வன்னிச் சனம் கைதட்டினதை அன்றைக்குத்தான் கண்டேன்.

மகனின் விசயம்: அரச வேலைக்கு மட்டும்தான் விண்ணப்பம் போடுகிறாரோ? அப்படியென்றால் மாதாவைக் குறை சொல்லாதேங்கோ.

"கனடாவில் எல்லா வசதியும் இருக்கிறது. ஊரில் பங்கருக்குள் இருந்து சொன்ன செபம் இங்கே வருவதில்லை. விசுவாசம் ஆழப்பட எனக்கும் ஒரு கஷ்டம் வரவேண்டுமா?" (ரொறன்ரோ வாசகர்)

ஐயோ, வேண்டாம். கஷ்டத்தை ஆரும் கடைக்குப் போய் வாங்குவதில்லை, அது வீடு தேடி வரும். 'எங்களைச் சோதனைக்கு உட்படுத்தாதேயும்' என்றுதான் செபிக்கச் சொல்லித் தந்திருக்கிறார், உட்படுத்தும் என்று அல்ல. கெத்சமனியில் தானே அந்தக் கிண்ணம் வேண்டாம் என்று கேட்டவர்.

பங்கருக்குள் சொன்ன செபத்தில் பாதி பயம், அண்ணை. அதைத் தேடாதேங்கோ. பங்கருக்குள் உங்களுக்குப் பக்கத்தில் இருந்தவர்களில் இப்போது ஊரில் ஆர் இருக்கிறார்கள்? ஒரு கோல் எடுங்கள். காசு அனுப்பச் சொல்லவில்லை, கதையுங்கள். அனுப்பினாலும் குற்றமில்லை.

"எங்கள் அயலில் ஒரு அம்மா. மகனை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டு இன்னும் தேடுகிறா. காணாமல்போனவர்களின் தாய்மார் இருக்கிற கிளிநொச்சிப் போராட்டக் கொட்டிலுக்குப் போய்வருவா. அயலவர் கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்தில் அவவுக்கு ஆறுதலாக நான் என்ன வசனம் சொல்லலாம்?" (மறைக்கல்வி ஆசிரியை, கிளிநொச்சி)

ஒன்றும் சொல்லவேண்டாம், மகள்.

யோபுவின் நண்பர்கள் மூன்று பேரும் செய்த நல்ல வேலை ஒன்றே ஒன்று: ஏழு நாள் இராப்பகல் அவரோடு தரையில் வாய் திறக்காமல் இருந்தார்கள். வாயைத் திறந்ததும் பிடித்தது வினை. அவர்கள் பேசினது எல்லாம் பக்தியான பேச்சுத்தான், பிரசங்கத்தில் அப்படியே போடலாம். கடைசியில் ஆண்டவர், என் ஊழியன் யோபு போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்று அவர்களைத்தான் கடிந்தார். கத்தினவர் யோபு, சரியாகப் பேசினவரும் யோபு.

கந்தசுவாமி கோயிலடியில் 2017 மாசி (பெப்ரவரி) 20இல் தொடங்கின போராட்ட இருப்பு அது. தொடங்கும்போது நானும் சில நாள் போயிருந்தேன். ஒரு கத்தோலிக்கச் சகோதரி தினமும் வந்து பிளாஸ்கில் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துவிட்டு, கப்புகளைக் கழுவி எடுத்துக்கொண்டு போவா. ஒரு வசனமும் சொன்னதில்லை. அந்தத் தாய்மாரில் ஒருத்தி, சைவக்காரி, என்னிடம் கேட்டா: "உங்கட ஆக்கள் எல்லாரும் இப்பிடித்தானோ?" நான் மறுமொழி சொல்லவில்லை. எல்லாரும் அப்படியில்லை என்று எனக்குத் தெரியும்.

ஆண்டவர் திரும்பத் தருவார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 'காணாமல்போன' பிள்ளைக்குப் பூசை வைக்கலாமா என்றும் நீங்களாகக் கேட்காதீர்கள். இறந்தோருக்கான பூசை வைத்தால் அவ அவனை இறந்தவன் என்று ஒத்துக்கொண்டதாகிவிடும். அவவாகக் கேட்டால், உயிரோடு இருப்பவருக்கு ஒப்புக்கொடுக்கிற மாதிரி வைக்கச் சொல்லிப் பங்குச் சுவாமியோடு கதையுங்கள். எங்கள் சுவாமி அப்படித்தான் வைத்தார். அவனுடைய பிறந்தநாள் எப்போது என்று கேட்டு வையுங்கள். அன்றைக்கு அவ தனியச் சமைப்பா. போய் வெங்காயம் உரித்துக் கொடுங்கள்.

"பள்ளிக்கூடத்துத் தவக்கால ஒப்படைக்கு எழுதவேண்டும். நீங்கள் இப்போது ஒவ்வொரு நாளும் என்ன கேட்டுச் செபிக்கிறீர்கள் ரீச்சர்? உங்கள் முடிச்சுச் செபமாலை இன்னும் இருக்கிறதா?" (தரம் 10 மாணவி, முள்ளியவளை)

போன வருடம் ஒரு கூட்டத்தில் இந்தச் செபமாலையைக் காட்டிவிட்டேன் போல, ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. இருக்கிறது, குஞ்சு. அரக்கு நிறம் போய் மண்ணிறமாகிவிட்டது. மூன்றாவது காரணிக்கத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்துவிட்டது. திரும்பப் போடவில்லை, விரல் அந்த இடத்தில் ஒருக்கால் தடுக்கிவிட்டுப் போகும். வற்றாப்பளை அம்மா மோசம்போய்விட்டா. அவவின் வீட்டுக்கும் சேர்த்து இப்போது நான் கதைக்கிறேன், முறை மாறிவிட்டது.

கேட்பது என்றால், உன் ஒப்படைக்கு எழுதுகிற மாதிரிப் பெரிதாக ஒன்றும் இல்லை. என் மிச்ச இரண்டு ஏக்கரும் இன்னும் வெட்டவில்லை. வெட்டுமெசின்காரன் வெள்ளிக்கிழமை வாறன் என்று சொல்லியிருக்கிறான். கதிர் முற்றிச் சாய்ந்து கிடக்கிறது, மேற்கில் நேற்றிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. வெள்ளி மட்டும் மழை வேண்டாம் என்று கேட்கிறேன். போன மாசியிலும் இதையே கேட்டேன், பெய்து பாதி முளைத்துப் போனது. நல்லாய் ஏசிப்போட்டு, இந்த மாசியும் அவரிட்டைத்தான் கேட்கிறேன்.